தவிட்டுக் கணக்கு

2009 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். ஆடியின் இரண்டாவது ஞாயிறு. வானம் முழுக்க மேகம். மழையும் இல்லை, காற்றும் இல்லை. சிதம்பரத்தில் கோயிலுக்குத் தெற்கே ஒரு குறுகலான தெருவில், நான் அதுவரை பார்த்திராத ஒரு வீட்டின் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்ச் சுவரில் ஐந்து படங்கள். நான்கு பேரை எனக்குத் தெரியாது. ஐந்தாவது படத்துக்கு மட்டும் அன்று காலை கட்டிய மல்லிகைச் சரம். கண்ணாடியின் மேல், நெற்றி வரும் இடத்தில் குங்குமம்.

அந்தப் படத்தில் இருந்தது நான்.

தோற்றத்தை வைத்துச் சொல்லவில்லை. அதே படத்தின் இன்னொரு பிரதி கடலூரில் என் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கிறது. மூன்றரை வயதுப் பையன். பின்னால் திரைச்சீலையில் வரைந்த படிக்கட்டு. ஒரு கை காகிதப் பூந்தொட்டியின் மேல். வலது மூக்கில் வளையம். வளையல் ஒன்று மணிக்கட்டிலிருந்து நழுவி விரல் வரை வந்திருக்கும். இந்தப் படத்திலும் நழுவியிருந்தது.

“அதான் எங்க அண்ணன்” என்று காபி தம்ளரை நீட்டினார் சிவகாமி. “நாலு வயசுலயே போயிட்டாரு. எங்க வீட்டுக்கு சாமின்னா அவருதான்.”

காபியை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி. வேறு எதைப் பற்றியும் யோசிக்க முடியாததால் சர்க்கரையைப் பற்றி யோசித்தேன்.

எண் 97

நான் அந்த வீட்டுக்குப் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கருவூலத்தில் முப்பத்தாறு வருடம் கூட்டிக் கழித்த கதையை முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணுவதைப் பார்த்துப் பயந்த என் மனைவி சரோஜா, “மனுஷங்களயாவது எண்ணுங்களேன்” என்றாள். அப்படித்தான் வம்சாவளி எழுத ஆரம்பித்தேன்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எங்களுக்குத் தெரிந்த மிகப் பழைய பாட்டனார் எண் 1. நான் 97. அந்த ஆடி மாதத்தில் மொத்தம் 214 பேர்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், வாரம் ஒரு நாள், தூரத்துச் சொந்தங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவேன். மலேசியாவில் கிள்ளானில் ஒருவர் இருந்தார், எனக்கு மருமகன் முறை. அவருடைய கொள்ளுத்தாத்தா கப்பலேறிப் போனவர். அவரும் என்னைப் போலவே எண்ணுகிற ஜாதி. தன்னிடம் இருந்த கிளைகளை எனக்கு அனுப்புவார், என்னிடம் இருந்ததை நான் அவருக்கு அனுப்புவேன். அவர்தான் ஒரு நாள் எழுதினார்: என் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்காள் அஞ்சலையின் மகள் சிவகாமி சிதம்பரத்தில் இருப்பதாகவும், தொலைபேசி எண் கிடைத்திருப்பதாகவும்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அத்தை மகளின் எண் எனக்குக் கிள்ளானிலிருந்து வந்தது. அத்தை குடும்பத்தோடு அப்பாவுக்கு ஒரு வாய்க்கால் தகராறு. அப்பா போன பிறகும் பேச்சுவார்த்தை இல்லாமலே பழகிவிட்டோம்.

சிவகாமி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலில் அது தெரிந்தது.

“கடலூர் மாமா பையனா? அப்ப நீங்க எனக்கு மாமா முறை. ஞாயித்துக்கெழம வாங்க. அன்னிக்கு வீட்டுல படையல். எங்களுக்கும் சாப்புட ஆளு இல்ல, நீங்களாச்சும் வந்து சாப்புடுங்க.”

எனக்கு ஆவணியில் பாண்டிச்சேரியில் பைபாஸ் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். “நெஞ்ச அறுக்கப்போற மனுஷன் பஸ் ஏறிப்போயி செத்தவங்க பேர எழுதிக்கினு வரப்போறாரு” என்று சரோஜா பையில் மாத்திரைகளை வைத்தாள். பிறகு, “சாப்பாடு அங்கதான? ஆடியில ஒரு ஞாயித்துக்கெழம உங்களுக்குப் பசிக்காதே, அது இன்னிக்கா இருக்கப்போவுது” என்றாள்.

அது எங்கள் வீட்டில் பழைய கேலி. ஆடியில் ஏதோ ஒரு ஞாயிறு, நன்றாகச் சாப்பிட்டு எழுந்தவனைப் போல மதியம் வயிறு நிறைந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எந்த ஞாயிறு என்று நான் கவனித்ததில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு இதை எண்ணத் தோன்றவில்லை.

தவிட்டுக்கு விற்றது

‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று சொல்லிப் பிள்ளையை அழவைக்காத வீடு நம் பக்கத்தில் இருக்காது. என் விஷயத்தில் அது கேலி இல்லை. கொஞ்சம் தலைகீழ். என்னைத் தவிட்டுக்கு விற்றார்கள்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக நான். சாவுக்கு இந்த வீட்டு வாசல் பழகிவிட்டது, அதனால் பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். அஞ்சலை அத்தை இரண்டு படி தவிட்டை முறத்தில் கொண்டுவந்து அம்மாவின் முந்தானையில் கொட்டி, என்னைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகப் போய், தெருவைச் சுற்றி வாசல் வழியாக வந்து, “எம்புள்ளைய கொஞ்ச நாளு பாத்துக்கம்மா” என்று கொடுத்தாராம். அம்மா அதற்குப் பிறகு என்னைத் தன் பிள்ளை என்று வெளியே சொல்லவே மாட்டாள். வலது மூக்கைக் குத்தி வளையம் போட்டார்கள். தவிட்டுராசு என்று பெயர். கூப்பிடும்போது வெறும் ‘தவிடு’. இராமலிங்கம் என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வைத்தது.

கடலூர் முதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்து இரண்டு பிரதி போட்டார்கள். ஒன்று பெற்றவளுக்கு, ஒன்று வாங்கியவளுக்கு.

ஐந்து வயதுக்குள் அதே இரண்டு படி தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்க வேண்டும். அதற்குள் வாய்க்கால் தகராறு வந்துவிட்டது. அப்பா தவிட்டைக் கொடுக்கவில்லை. சிதம்பரம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போன ஓர் ஆளிடம் சொல்லி மட்டும் அனுப்பினார். அம்மா அந்த வார்த்தையை, தவிடும் கிடையாது உறவும் கிடையாது என்ற அப்பாவின் வீரமாக எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள்:

“தவிடு கணக்கு முடிஞ்சுபோச்சுன்னு போய்ச் சொல்லு.”

பூ கொடுத்தது யார்

சிவகாமியிடம் உடனே சொல்லிவிட எனக்குத் துணிவு வரவில்லை. “உங்க அண்ணன் எப்படித் தவறினாரு?” என்று கேட்டேன்.

“நான் அப்ப பொறக்கவே இல்ல. அம்மா சொல்லித்தான் தெரியும். மாடு வாங்க வந்தவரு ஒருத்தரு வாசல்ல நின்னுக்கினு, ‘தவிடு கணக்கு முடிஞ்சுபோச்சாம், சொல்லச் சொன்னாங்க’ன்னாராம். உள்ள கூட வரலையாம், தண்ணி கூட குடிக்கல. எழவு சொல்ல வந்தவரு எப்படித் தண்ணி குடிப்பாரு? அம்மா அங்கியே உக்காந்துட்டாங்க. எங்கப்பாவுக்கு ஒரே கோவம். பொணம் எடுக்கற நேரத்த சொல்லலையே, வராதன்னுதான அர்த்தம், நாம போவ வேணாம்னுட்டாரு. இங்கியே பதினாறாம் நாள் காரியம் பண்ணாங்க.”

கூடத்து விளிம்பில் அவருடைய மகள் மலர் உட்கார்ந்து வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வங்கியில் வேலை. ஆவணியில் கல்யாணம்.

“இவளுக்கு மொதல்ல ஒரு வரன் வந்துச்சு மாமா. அண்ணன்கிட்ட பூ கேட்டேன். வெள்ள ஒரு பொட்டலம், செவப்பு ஒரு பொட்டலம் கட்டி படத்துக்கு முன்னால போட்டு, பக்கத்து வீட்டுக் கொழந்தய எடுக்கச் சொல்லுவோம். செவப்பு வந்துச்சு, வேணாம்னுட்டாரு. ஆறு மாசத்துல அந்தப் பையன் யாருகிட்டயோ பணத்த வாங்கிக்கினு ஓடிட்டான். இந்த வரனுக்கு மூணு தடவ கேட்டேன், மூணு தடவையும் வெள்ள. என் வேல, இந்த மனை, எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தது, எல்லாம் அவர கேட்டுத்தான்.”

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பி, வலது மூக்கில் இன்னும் மூடாமல் இருக்கும் துளையைக் காட்டினேன். பர்ஸிலிருந்து என் பிரதியின் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன். வம்சாவளிக்காகச் சின்னதாக்கி எடுத்தது. அப்பா சொல்லியனுப்பிய வார்த்தையை, அம்மா எனக்குச் சொன்ன அர்த்தத்தோடு சொன்னேன்.

சிவகாமி ஜெராக்ஸைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

“அட பாவிங்களா! ரெண்டு படி தவிட்ட குடுக்காததுக்கா எங்கம்மா அம்பது வருஷம் அழுதுச்சு?”

மலரும் சிரித்தாள். நானும் சிரித்தேன். முதலில் நிறுத்தியது சிவகாமிதான். படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

“அப்ப இத்தன வருஷமா பூ குடுத்தது யாரு?”

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் மூன்று பேர் இருந்தோம். நான்கு பேர் இருப்பது போல எனக்குப் பட்டது. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

அறுபத்திரண்டு சட்டைகள்

படத்துக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. சிவகாமி திறந்து காட்டினார். ஒவ்வோர் ஆடிப் படையலுக்கும் ஒரு சட்டையும் ஒரு நிஜாரும் புதிதாக எடுத்து வைப்பார்களாம். யாருக்கும் எடுத்துக் கொடுக்க அத்தை சம்மதிக்கவில்லையாம்.

நான் எண்ணாமல் இருக்க முடியுமா? அறுபத்திரண்டு. அடியில் கையால் தைத்த கெட்டித் துணி, மரப் பொத்தான். அதற்கு மேல் பாப்ளின். அதற்கு மேல் டெரிலின், பளபளவென்று, இன்றைக்கு எடுத்தது போல. மேலே வர வர ரெடிமேட். கடைசிச் சட்டையில் ஒரு கார் படம். துணி மாறியிருந்தது, பொத்தான் மாறியிருந்தது, காலர் மாறியிருந்தது. அளவு மட்டும் மாறவில்லை. அறுபத்திரண்டும் நான்கு வயதுக்கு.

எல்லாவற்றுக்கும் உள்ளே ரசகற்பூர உருண்டை வாசனை. ஒரு சட்டையின் கழுத்துப் பட்டியில் மட்டும் லேசான அழுக்கு ஓடியிருந்தது. போட்டுக் கழற்றிய சட்டையில் வியர்வை படுமே, அந்த மாதிரி. பூச்சியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு அதை மடித்து வைத்தேன்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இன்னும் சில வாரங்களில் என்னை மேஜைமேல் கிடத்தி நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள். என் படத்துக்கு இங்கே மாலை தொங்குகிறது. எனக்குக் காரியம் முடிந்து அறுபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

“சிவகாமி, அந்தப் படத்த எறக்கிடலாம்” என்றேன். “ஆபரேஷன் முடியற வரைக்குமாவது.”

“கல்யாணம் முடியற வரைக்குமாவது இருக்கட்டும் மாமா. மொத பத்திரிகைய அவரு முன்னாலதான் வெச்சேன். அவரு சம்மதம்னுதான் நாளு குறிச்சோம். இப்ப எறக்கிட்டா இவ கல்யாணத்துக்கு யாரு பொறுப்பு?”

“கல்யாணமும் ஆவணி. என் ஆபரேஷனும் ஆவணி.”

“தெரியுது.”

“ரெண்டு படி தவிடு நான் இப்பவே வாங்கித் தந்துடறேன். என்ன மீட்டுக்கறேன். கணக்கு முடிஞ்சி…”

“அந்த வார்த்தைய மட்டும் இந்த வீட்டுல சொல்லாதீங்க மாமா.”

காக்கை

பன்னிரண்டு மணிக்குப் படைத்தார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கான சாப்பாடு. காரமே இல்லை. பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சாதம், சின்ன உருண்டைகளாக. இனிப்புக் கொழுக்கட்டை, தோல் உரித்து நறுக்கிய வாழைப்பழம், பொட்டுக்கடலை. தண்ணீருக்கு ஒரு வெள்ளி டம்ளர், என் கட்டைவிரல் உயரம். இலைக்குப் பக்கத்தில் அந்த வருடத்துச் சட்டையும் நிஜாரும். எனக்கு என்ன பிடிக்கும் என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன். காரம் இன்றுவரை எனக்கு ஆகாது.

முதல் பிடியை எடுத்துப் போய் மலர் மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். நாங்கள் மூவரும் மாடியில் நின்றோம். காக்கை வரவில்லை.

“எப்பவும் நான் படியேறும்போதே வந்து நிக்கும்மா” என்றாள் மலர்.

சிவகாமி கூப்பிட்டுப் பார்த்தார். எதிர் வீட்டுத் தென்னையில் மூன்று காக்கைகள் உட்கார்ந்திருந்தன. மூன்றும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று கூட நகரவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. சோற்று உருண்டையின் மேல்பக்கம் காய்ந்துவிட்டது.

சிவகாமி என் பக்கம் திரும்பினார். முகத்தில் சங்கடம்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் கீழ போயி தெருவுல நிக்கறீங்களா?”

இறங்கினேன். கூடத்தைத் தாண்டும்போது படத்தைப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டித் தெருக்குழாய் வரை போயிருப்பேன். மேலே இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது.

“வந்துடுச்சு” என்றாள் மலர்.

நான் தெருவிலேயே நின்றேன். ஷேர் ஆட்டோ ஒன்று என்னை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தது. அந்த ஓட்டுநருக்காவது என்னைத் தெரிகிறதே என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

திரும்பிப் போனபோது எனக்கு இலை போட்டிருந்தார்கள். சாம்பார், மூன்று கறி, வடை, பாயசம். உட்கார்ந்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தேன். அடுத்த வாய்க்கு இடமில்லை. நெய்யும் பருப்பும் பிசைந்து வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவனைப் போல இருந்தது.

மாமாவும் அண்ணனும்

நான் சாப்பிடாததைச் சிவகாமி கவனித்துக்கொண்டே இருந்தார். வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டுத் திடீரென்று கேட்டார்.

“நீங்க எனக்கு என்னா வேணும்?”

“மாமா முறை. நீதான சொன்ன?”

“பேச்சுக்கு ஒரு நாயம் கேக்கறேன். அந்தக் காலத்துல நம்ம ரெண்டு வீட்டுக்கும் சண்ட இல்லைன்னா, உங்களுக்கு என்னக் கட்டி வெச்சிருக்கலாம். முறைதான?”

“முறைதான்.”

“படத்துல இருக்கறவரு எங்கம்மா வாங்குன புள்ள. எனக்கு அண்ணன். அண்ணனக் கட்டிக்க முடியுமா?”

“முடியாது.”

“அப்ப ரெண்டும் ஒரே ஆளா எப்படி இருக்க முடியும்? எங்க அண்ணன் செத்துட்டாரு. நீங்க எங்க மாமா, உசுரோட இருக்கீங்க. உங்களுக்கு மாலயும் போடல, காரியமும் பண்ணல. பின்ன ஏன் பயப்படறீங்க?”

“அம்மா, இப்ப கட்டிக்கலாம்னு கேக்கறியா?” என்றாள் மலர்.

“பைபாஸ் முடிச்சிட்டு வரட்டும்டி, பாக்கலாம்.”

முப்பத்தாறு வருடம் மற்றவர்கள் எழுதிய பில்லில் தவறு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அவர் சொன்னதை முன்னும் பின்னும் சரிபார்த்தேன். தவறு இல்லை. தவறு இல்லாததால் பயம் கொஞ்சம் குறைந்தது, கொஞ்சம் கூடியது. ஏனென்றால் அது உண்மையானால் அப்படி ஒருவன் இருக்கிறான்.

மாலை பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது எழுதினேன். எண் 97, இராமலிங்கம். எண் 215, தவிட்டுராசு, தாய் அஞ்சலை, நான்கு வயதில் காலமானார், சிதம்பரம். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. நடத்துநர் வந்து, “ரெண்டு டிக்கெட்டா சார்?” என்றார். ஒன்றுதான் என்றேன். எதனால் அப்படிக் கேட்டார் என்று நானும் கேட்கவில்லை.

புதிய பக்கத்தைக் கிள்ளானுக்கு அனுப்பினேன். அவரும் சரிபார்க்கிற ஆள் ஆயிற்றே. 97-க்கும் 215-க்கும் பிறந்த நாளும் நட்சத்திரமும் ஒன்றாக இருக்கிறதே, தட்டச்சுப் பிழையா என்று கேட்டு எழுதினார். பிழை இல்லை என்று பதில் போட்டேன்.

ஆடித் தள்ளுபடி

ஆபரேஷன் அன்று விடியற்காலை சிவகாமி என் மனைவிக்குப் போன் செய்தார். சரோஜா கேட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சரில் கிடந்த என் காதருகே குனிந்தாள்.

“பூ கேட்டாங்களாம். வெள்ள வந்துச்சாம். மாமாவுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அண்ணன் சொல்லிட்டாராம்.”

யாரைப் பற்றி யாரிடம் கேட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. நான் விளக்கவில்லை. ஐந்து மணி நேரம் ஆயிற்றாம். நான் பிழைத்தேன். மலரின் கல்யாணமும் நன்றாக நடந்தது. படம் அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்த ஆடிக்குச் சிவகாமிக்கு முழங்கால் வலி. கடைக்குப் போக முடியவில்லை. “கடலூர்ல நல்லா கெடைக்குமே மாமா, நீங்களே பாத்து எடுத்துக்கினு வாங்களேன்” என்றார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனேன். தள்ளுபடிக் கூட்டம்.

“வயசு என்னா சார்?” என்றார் கடைக்காரர்.

“நாலு.”

“பேரனா? ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க சார். அடுத்த வருசத்துக்கும் ஆவும். புள்ள வளரும்ல.”

“வளராது” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான்கு வயதுக்கான அளவையே எடுத்து மடித்துப் பையில் போட்டார். சட்டையும் நிஜாரும் சேர்த்து நூற்று எண்பத்தைந்து ரூபாய். ஆடித் தள்ளுபடி போக, நூற்று அறுபத்தாறு ரூபாய் ஐம்பது பைசா.